சான்றிதழ் வந்த பிறகுதான் உதவியா?

நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

மகனுக்குப் பதினொரு வயது. மெட்ரிக் பள்ளியில் ஆறாம் வகுப்பு. ஒரு கதையைக் காதால் கேட்டால் ஒரு வாரம் கழித்தும் அப்படியே திருப்பிச் சொல்கிறான். அப்பாவின் லாரிப் பட்டறையில் எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுக்கிறான். புத்தகத்தைத் திறந்தால் மட்டும் வியர்க்கிறது. ‘கொடி’ என்பதைக் ‘கெடி’ என்கிறான். ஆங்கிலத்தில் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். எழுதிய பக்கத்தை அவனாலேயே படிக்க முடிவதில்லை. போன வருடம் வகுப்பாசிரியை, “டிஸ்லெக்சியாவா இருக்கலாம், பார்த்துக்கோங்க” என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாட்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பள்ளி முதல்வரோ, மாற்றுத்திறனாளிச் சான்றிதழை மனதில் வைத்து, “சர்டிஃபிகேட் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பேசலாம். முடியலைன்னா வேற ஸ்கூல் பாருங்க” என்றாராம். ஈரோட்டில் ஒரு உளவியலாளரிடம் காசு கட்டிச் சோதித்ததில் குறைபாடு இருப்பது உறுதியாகியிருக்கிறது. “ஆனால் குறைபாட்டின் அளவு நாற்பது சதவீதம் வருமா என்பது சந்தேகம், வராவிட்டால் சலுகை கிடைக்காது” என்று யாரோ சொல்ல, இந்த அம்மா இடிந்துபோயிருக்கிறார். கணவருக்குச் சான்றிதழே பிடிக்கவில்லை. “என் பையனுக்கு முத்திரை குத்தாதே. நானும் இப்படித்தான் இருந்தேன், எட்டாவதோட விட்டேன், இன்னைக்குப் பட்டறை நடத்தலையா?” என்கிறார்.

இவருடைய கேள்விகள்: சான்றிதழ் இல்லாமல் பள்ளியைக் கேட்க உரிமை உண்டா? நாற்பது சதவீதம் இல்லையென்றால் சட்டம் கைவிட்டுவிடுமா? பள்ளி அனுப்பிவிட்டால் என்ன செய்வது? எல்லாப் பள்ளியிலும் கட்டாயச் சோதனை வேண்டும் என்று வழக்குப் போட முடியுமா?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன். “சான்றிதழ் கிடைக்கும்வரை அவனுக்கு ஒன்றும் செய்ய முடியாதே என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை” என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் இதைத் திருத்திவிடுகிறேன். சான்றிதழ் வருவதற்கு முன்பே செய்ய வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைச் செய்யும் கடமை பள்ளியினுடையது. உங்களிடம் சான்றிதழ் கேட்ட முதல்வர், தன் கடமையை உங்கள் தலையில் ஏற்றிவைத்திருக்கிறார். வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். சட்டம் எழுதப்பட்டிருக்கும் விதமும், அது நடைமுறைக்கு வந்த விதமும் பல பள்ளிகளை இப்படிப் பழக்கிவிட்டன.

1995-ல் வந்த பழைய மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இருந்தன. அந்தப் பட்டியலில் டிஸ்லெக்சியா இல்லை. அந்நாளில் பொதுத்தேர்வுச் சலுகை என்று ஏதாவது கிடைத்தால், அது அந்தந்தத் தேர்வு வாரியத்தின் உத்தரவைப் பொறுத்த விஷயம். தமிழ்நாட்டில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் போன்ற அமைப்புகளும் பெற்றோரும் ஆண்டுக்கணக்கில் கதவைத் தட்டினார்கள். பிறகு வந்ததுதான் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் அட்டவணையில் 21 வகைகள் உள்ளன. ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள்’ அவற்றில் ஒன்று. வாசிப்பில் வரும் டிஸ்லெக்சியா, எழுத்தில் வரும் டிஸ்கிராஃபியா, கணக்கில் வரும் டிஸ்கால்குலியா மூன்றையும் அந்த விளக்கமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

கண்டறிவது யார் வேலை?

சட்டத்தின் 16-ஆவது பிரிவில் ஆறாவது உட்பிரிவைப் பாருங்கள். குழந்தைகளிடம் உள்ள கற்றல் குறைபாட்டை இயன்றவரை விரைவில் கண்டறிந்து, அதைக் கடக்கத் தகுந்த கற்பித்தல் முறைகளை மேற்கொள்ள வேண்டும் என்கிறது அது. அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கு மட்டுமல்ல, அரசு அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். உங்கள் மெட்ரிக் பள்ளியும் அங்கீகாரம் பெற்றுத்தான் நடக்கிறது. கண்டறிவதையும் கற்பிப்பதையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். நடுவில் ‘சான்றிதழ் பெற்ற பிறகு’ என்ற சொல்லே கிடையாது.

ஒரு பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பிரிவின் தொடக்கத்தில், பள்ளிகள் இவற்றைச் செய்யும்படி அரசு ‘முயல வேண்டும்’ என்ற பொருளில் ஒரு சொல் இருக்கிறது. பள்ளித் தரப்பு வழக்கறிஞர் யாராவது இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். ஆனாலும், அறிந்தும் ஒன்றுமே செய்யாமல் இருந்ததற்கு அந்தச் சொல் கேடயமாகாது என்பது என் கருத்து. உங்கள் விஷயத்தில் வகுப்பாசிரியையே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். பள்ளிக்குத் தெரியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

குறைபாட்டை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்டது. 2024 மார்ச்சில் அவற்றைத் திருத்தியது. 2018 நெறிமுறைகள் வகுத்த வரிசை இது: மூன்றாம் வகுப்பிலோ எட்டு வயதிலோ, எது முந்துகிறதோ அப்போது ஆசிரியர் முதற்கட்டமாகக் கவனிக்க வேண்டும். ஐயம் எழுந்தால் தலைமையாசிரியர் தலைமையிலான குழு பெற்றோரிடம் பேச வேண்டும். அதன் பிறகு தலைமையாசிரியரே குழந்தைகள் நல மருத்துவரிடம் பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். தம்பிக்கு எட்டு வயதானபோது இதில் ஒரு படிகூட நடக்கவில்லை. மூன்று வருடம் போய்விட்டது. உங்களுக்கு வரும் கோபம் நியாயமானது.

இரண்டு கடிகாரங்கள்

சட்டம் குழந்தைகளுக்கு உதவிய அதே சமயத்தில் ஒரு சிக்கலையும் உண்டாக்கியிருக்கிறது. கண்டறிவதற்கு ‘இயன்றவரை விரைவில்’ என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. சான்றிதழுக்கு இன்னொரு கடிகாரம்: எட்டு வயது நிறைந்த பிறகே தருவார்கள், 14 வயதில் மறுபடி மதிப்பீடு, 18 வயதில் இன்னொரு முறை, அந்தக் கடைசிச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். சலுகைகளெல்லாம் இரண்டாவது கடிகாரத்தோடு கட்டப்பட்டிருப்பதால் பள்ளிகள் முதல் கடிகாரத்தை மறந்தே போயின. ஒன்றாம் வகுப்பில் பெற்றோர் கேட்டால், “சின்னக் குழந்தைதானே, எட்டு வயசு ஆகட்டும்” என்கிறார்கள். எட்டு வயதான பிறகு, “பொதுத்தேர்வு வரும்போது பார்த்துக்கலாம்” என்கிறார்கள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, கையில் மதிப்பெண் அட்டையுடன் என்னைத் தேடி வந்த தாய்மார்கள் உண்டு. அந்த நேரத்தில் என்னால் வாங்கித் தர முடிந்தது ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம் மட்டுமே. ஆறு வயதில் எழுத்தையும் ஒலியையும் பொறுமையாக இணைத்துக் கற்றுக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை எந்த உத்தரவாலும் பதினைந்து வயதில் வாங்கித் தர முடியாது.

தம்பி ஆறாம் வகுப்பில்தான் இருக்கிறான். இதைக் காலம் கடந்துவிட்டதாக நினைக்காதீர்கள். ஆனால் அடுத்த மூன்று மாதத்தைச் சான்றிதழுக்கான வரிசையில் மட்டும் செலவழித்துவிடாதீர்கள்.

நாற்பது என்ற எண்

இதில்தான் உங்களை அதிகம் குழப்பியிருக்கிறார்கள். சட்டத்தில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: ‘மாற்றுத்திறனாளி’ ஒன்று, ‘குறிப்பளவு குறைபாடு உள்ளவர்’ மற்றொன்று. நாற்பது சதவீதம் என்ற கணக்கு இரண்டாவது சொல்லுக்கு மட்டுமே உரியது. உயர்கல்வியில் ஐந்து சதவீத இடஒதுக்கீடு, அரசு வேலை ஒதுக்கீடு, 18 வயது வரை இலவசக் கல்வி போன்றவற்றுக்கு அந்த அளவு வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேசும் 17-ஆவது பிரிவு, ‘மாற்றுத்திறனுள்ள மாணவர்கள்’ என்று பொதுவாகத்தான் சொல்கிறது. நாற்பதை அங்கே குறிப்பிடவில்லை.

இது என் சொந்த வியாக்கியானம் இல்லை. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு தேர்வருக்காக உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: சொல்வதை எழுதுபவர் வசதியை நாற்பது சதவீதத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் அவ்னி பிரகாஷ் வழக்கு வந்தது. அந்த மாணவிக்கு டிஸ்கிராஃபியா. நீட் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம் தராமல் அவருடைய விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். நடந்தது தவறு என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது; ஆனால் மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. வென்ற பிறகும் இழந்த நேரம் அந்தப் பெண்ணுக்குத் திரும்பவில்லை. தேர்வுக்கு முன்பே காகிதங்களைத் தயார் செய்துவிடுங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்வதற்கு இதுதான் காரணம். 2022 ஆகஸ்டில் மத்திய அரசும், நாற்பதுக்குக் கீழ் இருந்து எழுதுவதில் சிரமப்படுகிறவர்களுக்கென்று தனி வழிகாட்டுதலை வெளியிட்டுவிட்டது.

ஆகவே சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்க வேண்டும் என்றே சொல்வேன். மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டைக்கான ஸ்வாவ்லம்பன் என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கும். குழந்தைகள் நல மருத்துவர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எனப் பலர் சேர்ந்து பார்ப்பார்கள். கண்ணும் காதும் முதலில் சோதிக்கப்படும். அறிவுத்திறன் சோதனை ஒன்றும் இருக்கும். நாற்பதுக்குக் கீழ் வந்தாலும் வெள்ளை நிற அடையாள அட்டை உண்டு. ஈரோட்டில் வாங்கிய அறிக்கை அந்த அட்டைக்கு ஈடாகாது. ஆனால் பள்ளியோடு பேச அது மிக நல்ல ஆதாரம். அதில் கையெழுத்திட்டவரின் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்றையும் சரிபாருங்கள். சோதனை ஆங்கிலத்தில் மட்டும் நடந்ததா, தமிழிலுமா? வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் ஆங்கிலம் படிக்கும் குழந்தையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் மொழிப் பழக்கக் குறைவையும் வாசிப்புக் குறைபாட்டையும் பிரித்தறிவது கடினம். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. அதனால் தமிழில் இந்தக் குறைபாடு பிழைகளாக வெளிப்படுவதைவிட, எழுத்தெழுத்தாகத் தட்டித் தடவிப் படிக்கும் வேகக் குறைவாகவே அதிகம் வெளிப்படும். நீங்கள் எழுதிய ‘கொடி–கெடி’ விஷயம் கவனிக்கத் தக்கது. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ இரண்டும் சேர்ந்து வருகிறது. முன்பின்னாகப் பார்த்து ஒன்றாகச் சேர்ப்பது இத்தகைய குழந்தைகளுக்குப் பெரிய பாரம். ஆனால் ‘மழை’யை ‘மலை’ என்று எழுதுகிறான் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய வேண்டாம். பேச்சில் ழகரம் புழங்காத வீட்டுப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

பள்ளியை விட்டு அனுப்ப முடியுமா?

முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009-ன் 16-ஆவது பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. 2019-ல் அந்தப் பிரிவைத் திருத்தியபோதும் நீக்கத் தடையை அப்படியே வைத்தார்கள். அதே சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து வாசிக்கச் சொல்லி, திணறும்போது பிள்ளைகளைச் சிரிக்க விடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் இதில் அடங்கும் என்றுதான் நான் வாதாடுவேன். பள்ளி சிறுபான்மையினர் நிறுவனமாக இருந்தால் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்போதும் பொருந்தும். பள்ளி எந்த வகை என்பதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நீங்களாகவே கேட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்குவது போல ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். பெரும்பாலான ‘நீக்கங்கள்’ அப்படித்தான் நடக்கின்றன.

வழக்கு பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக் குழந்தைகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்துக் குறைபாடுகளைக் கண்டறிய வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அரசுக்குச் சொல்கிறது. அதைச் செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தை அணுக வழி இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் சிறப்பாசிரியர் வேண்டும் என்று போராடியவர்கள் 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு விகிதத்தையே வாங்கினார்கள்: சிறப்புத் தேவையுள்ள குழந்தைகள் தொடக்கநிலையில் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர். ஆனால் 2025-லும் அந்தப் பணியிடங்களை அறிவிக்கச் சொல்லி அதே நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. இந்த வேகத்துக்கு உங்கள் மகன் காத்திருக்க முடியாது. வழக்கை ஒரு பெற்றோர் அமைப்போ எங்களைப் போன்ற வழக்கறிஞர்களோ சுமக்கலாம். நீங்கள் இந்த வருடத்தைப் பையனுக்குக் கொடுங்கள்.

திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய கடிதம்

வாய்ப்பேச்சு போதும். இனி எழுத்தில் கேளுங்கள். இந்த அளவு இருந்தால் போதுமானது:

“என் மகன், ஆறாம் வகுப்பு மாணவன், வாசிப்பிலும் எழுத்திலும் சிரமப்படுவதை வகுப்பாசிரியர் சென்ற ஆண்டே தெரிவித்தார். உளவியல் மதிப்பீட்டு அறிக்கையின் நகலை இணைத்துள்ளேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 16-ன்படி பள்ளியின் பரிசோதனைக் குழு அவனை மதிப்பிட்டு, அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வகுப்பிலும் தேர்விலும் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டுகிறேன்.”

கீழ்க்கண்ட ஏற்பாடுகளில் காசு செலவாகாதவற்றை முதலில் எழுதுங்கள். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லக் கூடாது. வினாத்தாளை ஆசிரியர் ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும். அறிவியல், சமூக அறிவியல் விடைகளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது. பாதித் தேர்வை வாய்மொழியாக நடத்தலாம். கரும்பலகையில் உள்ளதைப் பார்த்து எழுதச் சொல்வதற்குப் பதில் நகல் கொடுக்கலாம். கூடுதல் நேரம் தரலாம். நல்ல ஆசிரியர்கள் சட்டம் தெரியாமலேயே இதையெல்லாம் செய்துகொண்டிருக்கிறார்கள். டிஸ்லெக்சியா என்று சொன்ன அந்த ஆசிரியை உங்களுக்குப் பெரிய துணை. அவர் பெயரை எந்தப் புகாரிலும் இழுத்துவிடாதீர்கள்.

பதில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடம், அதாவது தனியார் பள்ளிகளுக்கான அலுவலரிடம், நகலை அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். அவர் ஒரு அதிகார அமைப்புக்குப் பரிந்துரை அனுப்பினால், எடுத்த நடவடிக்கையை அந்த அமைப்பு மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவித்தாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரை, மறுபடி மீறினால் ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. அதை முதல் கடிதத்தில் எழுத வேண்டாம். தம்பி தினமும் போய் உட்கார வேண்டிய இடம் அந்தப் பள்ளி.

பத்தாம் வகுப்பு வரும்போது மாநிலப் பாடத்திட்டத்தில் டிஸ்லெக்சியா மாணவர்களுக்கு ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித் தாளிலிருந்து விலக்கு ஆகியவை உண்டு. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். 14 வயது மதிப்பீட்டை ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுங்கள். மொழி விலக்கை மட்டும் அவசரப்பட்டு எடுக்க வேண்டாம். இப்போது தொடங்கினால் அந்த வயதில் அவனுக்கு அது தேவைப்படாமலும் போகலாம்.

உங்கள் கணவருக்கு

ஐயா, இந்தப் பகுதியை உங்கள் மனைவி படித்துக் காட்டினால் கேளுங்கள். சான்றிதழ் வாங்கச் சொல்லி எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வாங்கினாலும் அதை ஊரில் காட்ட வேண்டியதில்லை. மாணவர் விவரங்களுக்கான அரசின் ‘எமிஸ்’ இணையப் பதிவில் ஒரு குறிப்பு ஏறும்; தேர்வுத் துறைக்குத் தெரியும். அதற்கு மேல் யாரிடம் சொல்வது என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. முத்திரையைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். வகுப்பில் அவனை ‘மக்கு’ என்று கூப்பிடுவதாகக் கடிதத்தில் இருக்கிறது. அந்த முத்திரை ஏற்கெனவே விழுந்துவிட்டது. சரியான பெயர் தெரிந்தால்தான் அதை அழிக்க முடியும்.

நீங்களும் இப்படித்தான் இருந்தீர்கள் என்று சொன்னீர்களாம். டிஸ்லெக்சியா குடும்பத்தில் வழிவழியாக வருவதுண்டு. உங்களுக்கும் இருந்திருக்கலாம். அந்தக் காலத்தில் அதற்குச் சட்டத்திலும் பெயர் இல்லை, பள்ளியிலும் பெயர் இல்லை. எட்டாம் வகுப்போடு விட்டது உங்கள் முடிவுதானா, வேறு வழியில்லாமல் விட்டீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். பட்டறையை நடத்திக் காட்டியது உங்கள் திறமை. உங்கள் மகனும் நாளை அதே பட்டறைக்கு வரலாம், அதில் குறை எதுவும் இல்லை. வேறெதுவும் முடியாததால் வந்தான் என்று இருக்க வேண்டாம். பள்ளியில் நீங்கள் பட்ட கஷ்டத்தை அவனிடம் ஒருநாள் சொல்லுங்கள். உங்கள் வாயிலிருந்து அதைக் கேட்பது எந்தச் சிறப்பு வகுப்பையும்விட அவனுக்கு இப்போது தேவை.

சகோதரி, கடிதத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் பள்ளியின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில், ஒப்படைத்ததற்கான சான்று கேட்டு அனுப்புங்கள். பதினைந்து நாளில் என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள். ஒன்றும் வராவிட்டாலும் எழுதுங்கள், ஆணையருக்கான மனுவை நான் எழுதித் தருகிறேன்.